டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7060 எஸ்எஃப்எஃப்: செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

ஐடி கம்பெனிகளும் வங்கிகளும் கழித்துக்கட்டிய சிபியுக்கள் லாட் லாட்டாகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்து இறங்குகின்றன. கறுப்பு நிற டெல் பெட்டிகள்தான் அதில் அதிகம். ஒல்லியான கேபினட், முன்னால் ஐ5 ஸ்டிக்கர், விலை புது லேப்டாப்பில் பாதிக்கும் கீழே. எல்லாம் ஒன்றுபோல் தெரியும். ஆனால் அந்தக் குவியலில் கை வைக்க வேண்டியது ஒன்றிரண்டு மாடல்களில் மட்டும்தான். அவற்றில் முதலாவது ஆப்டிப்ளெக்ஸ் 7060 எஸ்எஃப்எஃப் (அதாவது ஒல்லியான சிறு வடிவம்), 2018-ல் வந்தது.

ஏன் இந்த மாடல் என்றால், காரணம் வேகம் அல்ல. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பிராசசர்கள், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. 7060 அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கிறது. அதற்கு முந்தைய 7050 கோட்டுக்கு வெளியே. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் 7050-ஐ ‘இதுவும் அதே மாதிரிதான் சார்’ என்று தள்ளிவிடுவது சகஜம். லினக்ஸ் மட்டும் போடுவதாக இருந்தால் 7050 நல்ல பெட்டிதான், விலையும் குறையும். விண்டோஸ் வேண்டுமென்றால் அதைத் தொடாதீர்கள். குறுக்குவழியில் 11-ஐ ஏற்றிக் கொடுக்கிறேன் என்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் வரும் பெரிய அப்டேட்டின்போது அது உங்கள் தலைவலி.

அதே வரிசையில் 3060, 5060 என்று இரண்டு தம்பிகள் உண்டு. 5060-இல் சிப்செட் அதேதான், கிடைத்தால் எடுக்கலாம். 3060-இல் ராம் ஸ்லாட் இரண்டுதான், 7060-இல் நான்கு. 3060-ஐ ஒதுக்க வேண்டியதில்லை, விலை குறைந்திருந்தால் போதும்.

பிராசசரில் ஐ5-8500 இருக்கிறதா என்று பாருங்கள். 6 கோர், அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.1. முந்தைய தலைமுறை ஐ5-7500-இல் 4 கோர்தான். டேலி, எக்செல், முப்பது டேப் திறந்த குரோம், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, ஃபோட்டோஷாப்பில் சாதாரண வேலை ஆகியவற்றுக்கு இது தாராளம். 4கே யூடியூபில் மட்டும் ஒரு குறை: ஏவி1 வகை வீடியோவை விரிக்கும் வசதி இதன் யுஎச்டி 630 கிராஃபிக்ஸில் இல்லை, அந்தச் சுமை பிராசசர் தலையில் விழும். 1080-இல் பார்ப்பவர்களுக்கு இது உறைக்காது.

இனி முக்கியமான விஷயம். இந்தப் பெட்டியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலேயே மூடியைக் கழற்றலாம். டிஸ்க் கூண்டு தாழை நீக்கினால் மேலே எழும். எல்லாம் கைக்கு எட்டும். அதே சமயம் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பகுதி), மதர்போர்டு, ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை), பவர் பட்டன் ஒயர் என்று பாதிப் பாகங்கள் டெல்லுக்கென்றே செய்தவை. வழக்கமான 24 பின் எஸ்எம்பிஎஸ் இதில் பொருந்தாது. ஆகவே கடையில் பிராசசர் வேகத்தைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காமல், பெட்டிக்குள் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். காணாமல்போன ஒரு சிறு ஒயர் பிறகு வாரக்கணக்கில் அலையவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். உள்ளே சாட்டா டிஸ்குக்கான (கேபிளில் மாட்டும் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி) கரண்ட் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவதில்லை, மதர்போர்டிலிருந்து ஒரு தனி ஒயர் வழியாக வருகிறது. அந்த ஒயர்தான் அடிக்கடி காணாமல் போவது. டிஸ்க் மாட்டும் நீலப் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா, எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டின் கடைசியில் குட்டி ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்2 (2 மிமீ) அளவுள்ள அந்த ஸ்க்ரூ இல்லாமல் எஸ்எஸ்டி துடுக்கென்று தூக்கிக்கொண்டு நிற்கும். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, ராம் ஸ்லாட்டில் பச்சை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். கடலோர ஊர்களிலிருந்து வந்த பெட்டிகளில் துரு சகஜம். பின்பக்கத் தகட்டிலும் யுஎஸ்பி ஓட்டைகளின் ஓரத்திலும் அது முதலில் தெரியும்.

பிறகு பவர் ஒயரைச் செருகி, பெட்டியை ஆன் செய்யாமல், பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சிறு பட்டனை அழுத்துங்கள். பக்கத்திலுள்ள விளக்கு பச்சையாக எரிந்தால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆன் செய்து எஃப்2-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் (மதர்போர்டின் அமைப்புத் திரை) திறக்கும். இங்கே நான்கு விஷயங்கள். பிராசசர் பெயர் வெளியே உள்ள ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா. ஐ5 ஸ்டிக்கருக்குள் ஐ3-8100 உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடியது. இரண்டாவது, அட்மின் பாஸ்வேர்ட் போடப்பட்டிருக்கிறதா. போட்டிருந்தால் அமைப்புகளை மாற்ற விடாது. கடைக்காரரே அதை எடுத்துத் தர வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கி வராதீர்கள். மூன்றாவது, கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற இடத்தில் ‘ஆக்டிவேட்’ ஆகியிருக்கிறதா. அது திருட்டுக் கண்காணிப்பு வசதி. பழைய கம்பெனி அதை முறைப்படி நீக்கினால் தவிரப் போகாது. அப்படிப்பட்ட பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நான்காவது, ஏழு எழுத்து கொண்ட சர்வீஸ் டேக். பயாஸில் காட்டுவதும் பெட்டியில் ஒட்டியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் மதர்போர்டு மாற்றப்பட்டிருக்கிறது. டெல் தளத்தில் அந்த டேக்கை அடித்தால் பெட்டி எந்த ஆண்டில், எந்தப் பாகங்களோடு வெளியேறியது என்று தெரிந்துவிடும்.

பயாஸிலிருந்து வெளியேறி மறுபடி ஆன் செய்யும்போது எஃப்12 தட்டி ‘டயக்னாஸ்டிக்ஸ்’ ஓடவிடுங்கள். ஃபேன், டிஸ்க், மெமரி எல்லாவற்றையும் அதுவே சோதிக்கும். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பிறகு லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவில் பூட் செய்து, முன்னும் பின்னுமாக உள்ள பத்து யுஎஸ்பி துளைகளில், முன்னால் உள்ள டைப்-சி ஒன்றைத் தவிர, மற்ற எல்லாவற்றிலும் ஒரு மவுஸை மாற்றி மாற்றிச் செருகுங்கள். முன்பக்கத் துளைகள்தான் அதிகம் அடிபட்டிருக்கும். மானிட்டர் மாட்டும் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட்டையும் சோதிக்க வேண்டும்.

மானிட்டர் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 7060-இல் நிலையாக வருவது டிஸ்ப்ளேபோர்ட் இரண்டு மட்டுமே. எச்டிஎம்ஐ சில பெட்டிகளில்தான் இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு என்று விற்பதை வாங்கினால் திரை இருண்டே கிடக்கும். எச்டிஎம்ஐ வழியாக 4கே மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் ‘ஆக்டிவ்’ அடாப்டர் தேவை. சாதாரணக் கேபிள் 30-லேயே நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸை அப்படியே பயன்படுத்தாதீர்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் சரி. ஏதோ நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக என்று இருந்தால் அது பெரும்பாலும் கிராக். கூடவே என்னென்ன வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் பேங்க் பாஸ்வேர்டை அடிப்பது நல்லதல்ல. கம்பெனிகளுக்கு விற்ற ஆப்டிப்ளெக்ஸ்களில் பலவற்றுக்கு விண்டோஸ் 10 ப்ரோ லைசென்ஸ் பயாஸிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 இன்ஸ்டாலரை இறக்கிச் சுத்தமாகப் போட்டால் ப்ரோ தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் இல்லாமல் உபுண்டு லினக்ஸோடு விற்ற பெட்டிக்கு இந்தச் சலுகை இருக்காது.

ஆனால் இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே ஒரு வேலை. பயாஸில் சாட்டா ஆபரேஷன் என்ற இடத்துக்குப் போனால் பெரும்பாலும் ‘ரெய்டு ஆன்’ என்று இருக்கும். டெல்லின் வழக்கம் அது. அதை ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர் என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் மாட்டும் வேகமான வகை) எஸ்எஸ்டியைக் கண்ணிலேயே பார்க்காது. விண்டோஸ் இன்ஸ்டாலரும் சில சமயம் ‘டிரைவ் எதுவும் இல்லை’ என்று கைவிரிக்கும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றினால் அடுத்த பூட்டில் நீலத்திரை வரும், ஆகவே வரிசை முக்கியம். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதிகளான டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் ஆன் ஆகியிருக்கட்டும்.

மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் ஏசி ரிகவரி என்ற அமைப்பை ‘பவர் ஆஃப்’ என்று வைப்பது நல்லது. இல்லாவிட்டால் கரண்ட் வந்து வந்து போகும்போதெல்லாம் பெட்டியும் எழுந்து எழுந்து படுக்கும். இன்டர்நெட்டுக்கு லேன் கேபிள் உடனே வேலை செய்யும். கேபிள் இல்லையென்றால் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்கள். விண்டோஸ் 11 அமைப்பின் நடுவே நெட் கேட்டு நிற்கும்போது இதுதான் எளிய வழி. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன; மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், தனியாக எந்த மென்பொருளும் இறக்க வேண்டாம்.

பயாஸ் அப்டேட்டையும் ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். சர்வீஸ் டேக் கொடுத்து டெல் தளத்தில் ஃபைலை இறக்கி, ஃபேட்32 பென்டிரைவில் போட்டு, எஃப்12 மெனுவில் ‘பயாஸ் ஃப்ளாஷ் அப்டேட்’ எடுத்தால் ஆயிற்று. நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடக்கூடும். யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

ராம், எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக. இதில் போவது டிடிஆர்4 டெஸ்க்டாப் ராம், 2666 வேகம். லேப்டாப் ராம் உள்ளே நுழையாது. சர்வரில் கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம் நுழையும், ஆனால் ஓடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி ஏமாறுவோர் உண்டு. 16 ஜிபி ஒரே குச்சியைவிட 8 ஜிபி இரண்டு மேல், ஏனென்றால் யுஎச்டி 630 தனக்கான மெமரியை இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரட்டைச் சானலில் அதன் வேகம் கண்கூடாகக் கூடும். வெள்ளைத் தாழ் உள்ள இரண்டு ஸ்லாட்டிலும் முதலில் மாட்டுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால், 4 ஜிபியோடு மலிவாக வாங்கிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது உதவாது. 16 ஜிபி உள்ள பெட்டியாகவே பேரம் பேசுங்கள். எஸ்எஸ்டிக்கு ஜென்3 என்விஎம்இ போதும். ஜென்4 மாட்டினாலும் ஓடும், ஆனால் நொடிக்குச் சுமார் 3,500 எம்பிக்கு மேல் போகாது.

பழைய ஹார்டு டிஸ்க் கூடவே வந்தால் டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்டுப்போன இடங்களைக் குறிக்கும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். கடைசிப் பத்தியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அதில் கல்யாண ஆல்பத்தை வைக்க வேண்டாம்.

வைஃபை பெரும்பாலான பெட்டிகளில் கிடையாது. உள்ளே அதற்கான எம்.2 ஸ்லாட் இருக்கிறது. ஏஎக்ஸ்210 கார்டு வேலை செய்யும். பார்க்க அதே மாதிரி இருக்கும் ஏஎக்ஸ்201 வேலை செய்யாது, அது பத்தாம் தலைமுறையிலிருந்துதான். ஆன்டெனா ஒயரும் தேவை, கேபினட் தகரம் என்பதால் உள்ளேயே விட்டால் சிக்னல் கிடைக்காது. இவ்வளவு தொல்லை எதற்கு என்பவர்களுக்கு யுஎஸ்பி அடாப்டர்.

தெர்மல் பேஸ்டும் தூசியும்

ஏழெட்டு வருடம் ஓடிய பெட்டியில், பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருக்கும். வாங்கியவுடன் மாற்ற வேண்டிய ஒன்று இது. முதலில் பெட்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள்; பேஸ்ட் இளகும். ஆஃப் செய்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். ஹீட்சிங்கின் நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, இலேசாகத் திருகித் தூக்க வேண்டும். நேராக வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரு பக்கமும் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, அதே குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். பிராசசரை மட்டும் அதன் இடத்திலிருந்து கழற்ற வேண்டாம். பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டு மாற்றும் செலவு.

இது சரியாக இருந்தால் நம் ஊர் வெயிலிலும் சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி, கடும் வேலையில் 80-ஐ ஒட்டி நிற்கும். 100-ஐத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘பெட்டி திடீரென்று மெதுவாகிவிட்டது’ என்ற புகார்களில் பல இதனால் வருபவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்பக்கச் சல்லடையையும் ஃபேனையும் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போகும். டிவிடி டிரைவ் கழற்றிய இடம் திறந்து கிடந்தால் அடைத்துவிடுங்கள். கரப்பான் பூச்சிக்கும் பல்லிக்கும் வெதுவெதுப்பான எஸ்எம்பிஎஸ்ஸைவிடப் பிடித்த இடம் வேறில்லை, ஒரு பல்லி போதும் ஷார்ட் ஆக.

கை வைத்தால் கேபினட்டில் சுரீரென்கிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. அநேகமாக அந்த பிளக்பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் உள்ள ஃபில்டர் கசியவிடும் சிறு கரண்ட் எர்த் வழியாகப் போக வேண்டும்; வழியில்லாததால் தகரத்தில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள்.

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் வாங்கியவுடன் மாற்றிவிடலாம், சில்லறைக் காசுதான். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போகும், பிரவுசரில் பாதித் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். சில சமயம் பயாஸ் அமைப்பும் பழைய நிலைக்கு, அதாவது மேலே சொன்ன ‘ரெய்டு ஆன்’ நிலைக்குப் போய், நேற்றுவரை நன்றாக ஓடிய விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கும். ஃபார்மேட் அடிப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஆன் ஆகாமல் பவர் பட்டன் ஆரஞ்சும் வெள்ளையுமாக மாறி மாறிச் சிமிட்டினால் எண்ணுங்கள். ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ராம் இருப்பதே தெரியவில்லை. 2, 4 என்றால் ராம் பழுது. 3, 1 என்றால் பேட்டரி. முதலிரண்டுக்கும் ராமைக் கழற்றி, தங்க விளிம்பை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு குச்சியாக மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேம் ஆட வாங்குகிறவர்களுக்கு இந்தப் பெட்டி சரிப்படாது. எஸ்எம்பிஎஸ் 200 வாட்தான், கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று தனி பவர் ஒயரும் இல்லை, உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுகள் மட்டுமே நுழையும். 30 வாட் எடுக்கும் ஜிடி 1030 போன்றவை ஓடும். ஆனால் அந்தப் பணத்துக்கு அது தரும் வேகம் அற்பம். கேம்தான் குறி என்றால் டவர் வடிவப் பெட்டியைத் தேடுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள், அதில் சர்வீஸ் டேக் எழுதியிருக்க வேண்டும். வாரன்ட்டி எத்தனை மாதம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்தா என்பதும் அதிலேயே. ட்யூஷன் சென்டர், சிறு ஆபீஸ் என்று ஐந்தாறு பெட்டி எடுப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மாடலாக எடுத்து, மதர்போர்டு செத்த 7060 ஒன்று கடையில் கிடந்தால் அதையும் கிலோ விலைக்குக் கேட்டு வாங்கி வைக்கலாம். எஸ்எம்பிஎஸ், ஹீட்சிங்க் ஃபேன், சாட்டா பவர் ஒயர், டிஸ்க் தட்டு, முன்பக்க மூடி எல்லாம் அதிலிருந்து அப்படியே பொருந்தும்.